உள்ளூர் ஃபர்னிச்சர் கடைக்கு விளம்பர யோசனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு ஷோரூம், ஒரு டெலிவரி வண்டி, நான்கைந்து ஊழியர்கள் என்று நடக்கும் கடைகளுக்காக எழுதியது இது. பெரிய நிறுவனங்களின் விளம்பரச் செலவோடு போட்டி போட முடியாதவர்கள் எதைச் செய்யலாம், எப்படிச் செய்யலாம், எங்கே சறுக்கும் என்பதே இங்குள்ள கேள்விகளும் பதில்களும்.

தள்ளுபடி போட்டால்தானே கூட்டம் வரும்? வேறு யோசனை எதற்கு?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 100-க்கு விற்கும் பொருளில் அடக்க விலை 60, லாபம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் குறைத்தால் விலை 80, லாபம் 20. பழைய லாபத்தைத் தொடவே இரண்டு மடங்கு விற்க வேண்டும். 10 சதவீதம் குறைத்தால்கூட, மூன்று விற்ற இடத்தில் நான்கு விற்றாக வேண்டும். சோப்பு மலிவாகக் கிடைத்தால் பத்து வாங்கி அடுக்கி வைப்பார்கள். கட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரும் இரண்டாவது கட்டில் வாங்குவதில்லை. பல சமயம் அடுத்த மாதம் முழு விலைக்கு வாங்க இருந்தவரே இந்த மாதம் குறைத்து வாங்கிப் போகிறார்.

சோபா பார்க்க வந்தவர் வாங்காமல் திரும்புவதற்கு விலை ஒன்றே காரணம் அல்ல. வாசலுக்குள் நுழையுமா, ஹாலில் அடங்குமா, இந்த நிறம் நம் சுவருக்கு ஒத்துவருமா, இரண்டு வருடத்தில் குழி விழுமா, பழையதை என்ன செய்வது: இந்தப் பயங்கள்தான் அவரை "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்ல வைக்கின்றன. ஒரு விளம்பரம் இவற்றில் ஒன்றையாவது தீர்த்து வைத்தால் அது வேலை செய்யும்.

சுவீடன் ஃபர்னிச்சர் நிறுவனமான ஐகியாவின் கதையே இதற்குச் சான்று. தபால் வழி விற்றுக்கொண்டிருந்த அந்த நிறுவனம் போட்டியாளரோடு விலையைக் குறைத்துக்கொண்டே போனது. கூடவே தரமும் இறங்கியது. விலைப்பட்டியலில் பார்ப்பவருக்கு நல்லதும் மட்டமானதும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பொருளை நேரில் தொட்டுப் பார்க்கட்டும் என்று 1953-ல் சுவீடனின் ஆல்ம்ஹுல்ட்டில் முதல் ஷோரூமைத் திறந்தார்கள்.

செலவு குறைவாக, உடனே தொடங்கக்கூடிய ஒரு யோசனை சொல்லுங்கள்.

அளவுத் தாள். அதிகம் விற்கும் ஐந்தாறு பொருட்களின் தரையளவுக்குப் பழுப்புத் தாளை வெட்டி, மடித்து, கேட்பவருக்கு இலவசமாகக் கொடுத்தனுப்புவது. வீட்டில் விரித்துப் போட்டு அதைச் சுற்றி நடந்து பார்த்தால் சந்தேகம் அன்றிரவே தீர்ந்துவிடும்.

90 செ.மீ. அகல ரோல் வாங்கினால் 210 × 90 செ.மீ. மூன்று இருக்கை சோபாவுக்கு ஒரே வெட்டு போதும். தாளின் நடுவில் மாடலின் பெயர், உயரம், கைப்பிடி உயரம், கடையின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தடித்த பேனாவால் எழுதுங்கள். ஓரத்தில் ஒரு வரிசை எண் போடுங்கள். யாருக்குக் கொடுத்தது, அவர் திரும்ப வந்தாரா என்று பார்க்க அது உதவும்.

டைனிங் டேபிளுக்குத் தாள் மட்டும் போதாது. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழுந்து, அதன் பின்னால் ஒருவர் நடந்து போக மேஜை விளிம்பிலிருந்து சுமார் 90 செ.மீ. வேண்டும். 150 × 90 செ.மீ. மேஜைக்கு நான்கு பக்கமும் இதைக் கூட்டினால் 330 × 270 செ.மீ. ஆகிறது. வாங்குபவர் மேஜையை மட்டும் அளந்துவிட்டு, இந்த இடத்தை மறந்துவிடுவார். ஆகவே தாளோடு 90 செ.மீ. நீள நாடா ஒன்றையும் வைத்துக் கொடுங்கள். அலமாரிக்கும் இதே கதைதான்: 60 செ.மீ. ஆழத்துக்குத் தாள் வெட்டினால் கதவு திறக்கும் இடத்தையும் புள்ளிக்கோடாகக் காட்ட வேண்டும்.

தாளின் பின்பக்கத்தில் வழி அளவுகளுக்குக் கட்டங்கள் போடுங்கள்: கதவு திறந்த நிலையில் உள்ள இடைவெளி, மாடிப்படி திரும்பும் இடம், லிஃப்ட் கதவின் அகலம், லிஃப்டின் உள் உயரம். மக்கள் பெரும்பாலும் கதவு நிலைச்சட்டத்தின் வெளிவிளிம்பை அளந்து வருவார்கள். கதவுப் பலகையின் தடிமனும் கைப்பிடியும் விழுங்கும் இடம் அதில் தெரியாது. சோபாவைச் சாய்த்து நுழைக்கும்போது எந்த அளவு குறுகலாக வருகிறதோ, அதைவிட வழி 2–3 செ.மீ. கூடுதலாக இல்லையென்றால் "நுழைந்துவிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வாசலில் நின்று திரும்பிய சோபாவுக்கு ஏற்றுகூலி இரண்டு முறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்திருப்பார்கள்.

துணி மாதிரிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா? திரும்ப வராவிட்டால்?

கொடுங்கள். துணி நிறுவனம் தரும் உள்ளங்கை அளவுப் புத்தகம் வேண்டாம். குறைந்தது 30 × 30 செ.மீ. துண்டு, ஓரம் தைத்தது. ஷோரூம் விளக்கில் பொருந்தும் இரண்டு நிறங்கள் வீட்டு விளக்கில் பொருந்தாமல் போகலாம். அதனால் "காலையில் ஒருமுறை, இரவில் விளக்கு போட்டு ஒருமுறை பாருங்கள்" என்று சீட்டில் எழுதி இணையுங்கள். ஒருவருக்கு மூன்று துண்டு, மூன்று நாள். அதற்கு மேல் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

துண்டின் பின்னால் துணியின் குறியீடு, துவைக்கும் முறை, மார்ட்டின்டேல் எண் ஆகியவை இருக்கட்டும். மார்ட்டின்டேல் என்பது துணி தேய்மானம் காட்டாமல் எத்தனை முறை உரசலைத் தாங்கும் என்ற சோதனை எண். தினமும் புழங்கும் வீட்டுச் சோபாவுக்கு 20,000-க்கு மேல் இருப்பது நல்லது. மறுமுறை வரும் சாயத் தொகுதியில் நிறம் சற்று மாறலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். சில துண்டுகள் திரும்ப வராது. அதை விளம்பரச் செலவில் எழுதிவிட்டு, ஒவ்வொரு நிறத்திலும் நான்கைந்து துண்டு தயாராக வைத்திருங்கள்.

தரத்தைப் பற்றி எல்லாக் கடைக்காரரும் ஒரே மாதிரித்தான் பேசுகிறார்கள். நாம் எப்படி நம்ப வைப்பது?

சோபாவை அறுத்துக் காட்டுங்கள். ஒரு ஃபர்னிச்சர் கடை வைக்கக்கூடிய மிக வலுவான காட்சி இதுதான்.

போக்குவரத்தில் அடிபட்ட சோபா ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கும். அதன் ஒரு பாதியை அப்படியே விட்டுவிட்டு, மறுபாதியின் துணியைச் சீராக வெட்டி எடுங்கள். சட்டம், மூலைக்கட்டை, இருக்கையைத் தாங்கும் வளைவுக் கம்பி அல்லது இழுபட்டை, அதன் மேல் விரிப்பு, ஃபோம் என்று அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். கூரான ஸ்டேபிள் பின்களைப் பிடுங்கிவிட்டு, முனைகளைத் தேய்த்து, கை படும் இடத்தில் அக்ரிலிக் தகடு பொருத்துங்கள். குழந்தைகள் கண்டிப்பாகக் கையை விடுவார்கள்.

பக்கத்திலேயே ஒரு தராசு வையுங்கள். 30 × 30 × 10 செ.மீ. அளவில் இரண்டு ஃபோம் துண்டுகள்: ஒன்று கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தி, இன்னொன்று 32 கிலோ. முதலாவது 180 கிராம் நிற்கும், இரண்டாவது 288 கிராம். பார்க்க இரண்டும் ஒன்றே. வாடிக்கையாளரையே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடர்த்தி வேறு, கடினம் வேறு என்பதையும் அங்கேயே விளக்கலாம். மெத்தென்றிருக்கும் ஃபோம் மட்டமானது என்றோ விறைப்பாக இருப்பது உழைக்கும் என்றோ சொல்ல முடியாது. குழி விழாமல் காப்பதில் அடர்த்திக்கே பெரும் பங்கு. மரச் சட்டத்துக்கு ஈரப்பத மீட்டர் ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குள் புழங்கும் மரத்தில் 8 முதல் 12 சதவீதம் ஈரப்பதம் இருப்பது வழக்கம். அதற்கு மேல் இருந்தால் பின்னால் காய்ந்து சுருங்கி இணைப்புகள் விடும்.

ஒரு எச்சரிக்கை. அறுத்துக் காட்டுவது எந்த மாடலோ அதையே விற்க வேண்டும். நல்ல ஃபோமைக் காட்டிவிட்டு வேறு ஃபோம் போட்டதைக் கொடுத்தால் அது ஏமாற்று வேலை. உங்கள் சரக்கின் உள்ளே இருப்பதைப் பெருமையாகக் காட்ட முடியவில்லை என்றால், முதலில் சப்ளையரோடு பேசுங்கள், விளம்பரம் அப்புறம்.

பழைய சாமான்களை எடுத்துக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் திட்டம் நடத்தலாமா?

நடத்தலாம். ஆனால் பழையது எங்கே போகும் என்று முடிவு செய்யாமல் தொடங்கினால் குடோன் விரைவில் நிரம்பிவிடும். மரம் என்றால் புதுப்பித்து விற்பவர், இரும்பு என்றால் காயலான் கடை, நல்ல நிலையில் இருப்பது என்றால் தேவைப்படும் விடுதிகள், இல்லங்கள்: இவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மதிப்பைப் பேரம் பேசாதீர்கள். கட்டில், சோபா, அலமாரி என்று வகைக்கு ஒரு நிலையான தொகையைப் புதிய பொருளின் விலையில் கழித்தால் போதும். வாட்ஸ்அப்பில் நான்கு படம் அனுப்பச் சொல்லி முன்பே உறுதி செய்யுங்கள். துணி, ஃபோம் உள்ள எதுவும் ஷோரூமுக்குள்ளோ குடோனுக்குள்ளோ வரவே கூடாது. மூட்டைப்பூச்சி ஒருமுறை நுழைந்தால் முழுச் சரக்கும் கெடும். வண்டியில் புதியதை இறக்கிய பிறகே பழையதை ஏற்ற வேண்டும், அதையும் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி. மரத்தில் கறையான், வண்டு துளைத்த பொடி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

விற்பனையே இல்லாத நிகழ்ச்சி நடத்தினால் பயன் உண்டா?

"ஆடும் நாற்காலியைக் கொண்டுவாருங்கள்" என்று ஒருநாள் அறிவித்துப் பாருங்கள். இணைப்பு தளர்ந்த மர நாற்காலிகளை இலவசமாக ஒட்டிக் கொடுப்பது. முன்பதிவோடு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, அதற்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு தச்சரால் அதற்கு மேல் ஒழுங்காகச் செய்ய முடியாது.

வேலை இப்படி: இணைப்புகளுக்கு ஒட்டுநாடாவில் எண் போட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டும். பழைய பசையைச் சுரண்டி மரம் தெரியும்வரை எடுக்க வேண்டும். காய்ந்த பசையின் மேல் புதுப் பசை மரத்துக்குள் ஊறாது; வீட்டில் ஒட்டிய நாற்காலிகள் மறுபடியும் ஆடுவது பெரும்பாலும் இதனால்தான். பிறகு வெள்ளைப் பசை தடவிப் பொருத்தி, கிளாம்ப் இல்லாவிட்டால் கயிற்றைச் சுற்றிக் குச்சியால் முறுக்கி இறுக்கலாம். நான்கு காலும் சமதரையில் நிற்கிறதா என்று பசை காயும் முன்பே பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கட்டியபடியே இருக்கட்டும். முழுப் பலம் வர 24 மணி நேரம் ஆகும், எனவே நாற்காலியை மறுநாள்தான் கொடுக்க வேண்டும்.

அதாவது ஒருவர் உங்கள் கடைக்கு இரண்டு முறை வருகிறார், நல்ல மனதோடு வருகிறார். அவரிடம் எதையும் விற்க முயலாதீர்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலான உடைந்த சாமான்கள், மிகப் பழைய விலைமதிப்புள்ள சாமான்கள் ஆகியவற்றை ஏற்க மாட்டோம் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

சமூக வலைதளத்தில் என்ன போட்டி நடத்தலாம்?

"இக்கட்டான மூலை" போட்டி. வீட்டில் எதை வைத்தாலும் பொருந்தாத ஒரு மூலையைப் படம் எடுத்து, நீளம், அகலம், உயரத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து பேரைத் தேர்ந்து கையால் வரைந்த திட்டம் ஒன்றைக் கொடுங்கள், ஒருவருக்கு அந்த மூலைக்கான அலமாரியைச் செய்து கொடுங்கள். மற்ற மூலைகளும் உங்களுக்குப் பயன்படும்: ஊரில் எந்த அளவு இடத்துக்குச் சாமான் கிடைக்கவில்லை என்று அவை சொல்லும். படங்களை வெளியிட அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். முகம், கதவு எண், சாவி, பணப்பெட்டி தெரியும் படங்களைப் போடாதீர்கள்.

2009-ல் ஐகியா, சுவீடனின் மால்மோ நகரக் கடைக்காக ஃபேஸ்புக்கில் ஒரு போட்டி நடத்தியது. கடை மேலாளரின் பக்கத்தில் ஷோரூம் படங்களைப் போட்டு, ஒரு பொருளின் மேல் முதலில் தன் பெயரை டேக் செய்பவருக்கே அந்தப் பொருள் என்றது. படம் நண்பர் வட்டங்களில் தானாகப் பரவியது. அருமையான யோசனை, ஆனால் இன்று அதை அப்படியே செய்யாதீர்கள். போட்டியில் சேர நண்பர்களை டேக் செய்யச் சொல்வதையும் சொந்தப் பக்கத்தில் பகிரச் சொல்வதையும் ஃபேஸ்புக் விதிகள் இப்போது அனுமதிப்பதில்லை. நுழைவுக் கட்டணம் வாங்கிக் குலுக்கல் நடத்துவது பல நாடுகளில் லாட்டரிச் சட்டத்தின் கீழ் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி பலருக்குப் போய்ச் சேருவதில்லையே, ஏன்?

பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே பில் போடும்போதே, "டெலிவரி விவரம் இந்த எண்ணிலிருந்து வரும், சேமித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்பாமல், படுக்கையறை பார்த்தவர், படிப்பு மேஜை கேட்டவர் என்று பிரித்து வையுங்கள். மாதம் இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம்.

போனிலேயே நல்ல படம் எடுப்பது எப்படி?

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கவாட்டில் இருக்குமாறு. அப்போது கடை விளக்குகளை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் துணியின் நிறம் மாறித் தெரியும். போனை ஒரு மீட்டர் உயரத்தில் நேராகப் பிடியுங்கள். அகலக் கோண லென்ஸ் வேண்டாம், அது சோபாவின் ஓரத்தை இழுத்துப் பெரிதாகக் காட்டும். சில அடி பின்னால் போய் எடுங்கள். முன்பக்கம், பக்கவாட்டுக் கோணம், ஒருவர் உட்கார்ந்த நிலை, இணைப்பு ஒன்றின் நெருக்கப் படம், பின்பக்கம் என ஐந்து படம். உட்கார்ந்த படம்தான் அளவைச் சொல்லும். படத்தின் கீழே மூன்று அளவுகள், விலை, டெலிவரிக்கு ஆகும் நாட்கள். "விலைக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்" என்று போட்டால் விலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துப் பலர் கடந்து போய்விடுவார்கள்.

கடை வாசல் கண்ணாடியை எப்படிப் பயன்படுத்துவது?

பத்துச் சாமான்களை நெருக்கி அடுக்காமல் ஒரே ஓர் அறையைக் காட்டுங்கள்: வீட்டிலிருந்து வேலை செய்பவரின் மூலை, இரண்டு பிள்ளைகள் பங்கிடும் அறை என்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எழுத்தின் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: மூன்று மீட்டர் தொலைவுக்கு 2.5 செ.மீ. சாலையின் எதிர்ப்புறம் 12 மீட்டர் என்றால் 10 செ.மீ. எழுத்து வேண்டும்.

பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். மேலே சரிவுப் பந்தலும், கண்ணாடிக்கு அருகில் விளக்கும், வெளிர் நிறச் சாமான்களும் இதைக் குறைக்கும். இரவில் 2700–3000 கெல்வின் மஞ்சள் விளக்கை டைமரில் போட்டு விடுங்கள். நேர் வெயில் படும் இடத்தில் அடர்நிறத் துணி வைத்தால் வெளுத்துவிடும்.

மற்ற இடங்களில் நம் நாற்காலியைப் போட்டு வைப்பது நல்ல விளம்பரமா?

மருத்துவமனைக் காத்திருப்பு அறை, நூலகம் போன்ற இடங்களில் ஒருவர் அரை மணி நேரம் உங்கள் நாற்காலியில் உட்காருகிறார். ஷோரூமில் யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்ப்பதில்லை. இரண்டு நாற்காலிகள் போதும். கைப்பிடியில் 8 × 5 செ.மீ. தகடு ஒன்று, அதில் கியூஆர் கோடு. கோடு எந்தத் தொலைவிலிருந்து ஸ்கேன் செய்யப்படுமோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும், 30 செ.மீ. தொலைவுக்கு 3 செ.மீ. அது அந்த நாற்காலியின் பக்கத்துக்கே போக வேண்டும், கடையின் முகப்புப் பக்கத்துக்கு அல்ல. இலவச கியூஆர் சேவைகள் சிலவற்றில் சுட்டி காலாவதி ஆகிவிடும். உங்கள் சொந்த இணைய முகவரியையே கோடாக மாற்றுங்கள். மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். உடைந்து ஆடும் நாற்காலி உங்கள் பெயரோடு நின்றால் அது எதிர் விளம்பரம்.

வீடு மாற்றிக் கொடுப்பவர்கள், பெயிண்டர்கள், திரைச்சீலை தைப்பவர்கள் ஆகியோரோடும் பழகுங்கள். சாமான் தேவைப்படும் குடும்பம் உங்களுக்கு முன் அவர்களிடம்தான் பேசும். கடைப் பெயர் அச்சிட்ட மூன்று மீட்டர் அளவு நாடாவை அவர்கள் மூலம் கொடுங்கள். காலண்டர் ஒரு வருடத்தில் போய்விடும்; அளவு நாடா பல வருடம் வீட்டில் இருக்கும்.

பொருள் கொடுத்த பிறகு என்ன செய்யலாம்?

மூன்றாவது நாள் ஒரு போன்: எல்லாம் சரியாக நிற்கிறதா, கதவு இடிக்கிறதா. குறை இருந்தால் முதலில் அதைத் தீருங்கள். பிறகு கூகுளில் கருத்து எழுதும் சுட்டியை எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள். அதற்குப் பரிசோ தள்ளுபடியோ கொடுக்காதீர்கள். கூகுள் விதி அதைத் தடை செய்கிறது.

ஆறாவது வாரம் ஆள் அனுப்பிக் கட்டில், டைனிங் டேபிள் போல்ட்டுகளை இறுக்கிக் கொடுங்கள். புழங்கப் புழங்க அவை சற்றுத் தளரும், மரமும் புது வீட்டின் ஈரப்பதத்துக்கு ஏற்ப அசையும். பத்து நிமிட வேலை. கட்டில் கிறீச்சிடுகிறது என்ற புகார் இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த நேரத்தில் பரிந்துரை அட்டை இரண்டு கொடுங்கள்: அட்டை கொண்டுவருபவருக்கும் சலுகை, கொடுத்தவருக்கும் சலுகை. உத்தரவாதம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது "குறை ஏதும் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்" என்று ஒரு செய்தி. இதைச் செய்யும் கடையை யாரும் மறப்பதில்லை.

வருடம் முழுவதும் "இறுதி நாள் விற்பனை" பேனர் தொங்கினால் என்ன?

நம்பிக்கை போய்விடும். விலையை ஏற்றி எழுதிவிட்டுக் குறைத்துக் காட்டுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. காட்சிக்கு வைத்த பழைய சரக்கைத் தள்ள வேண்டுமானால், கீறல் இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஒட்டி, "இந்தக் கீறலுக்காக இவ்வளவு குறைவு" என்று எழுதுங்கள்.

எது பலன் தந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு முயற்சிக்கும் தனிக் குறியீடு வையுங்கள்: அளவுத் தாளுக்கு வரிசை எண், அட்டைக்கு ஒரு நிறம், நாற்காலித் தகட்டுக்குத் தனிச் சுட்டி. கல்லாவில் ஒரு தாள் வைத்து, "எப்படித் தெரிந்து வந்தீர்கள்" என்று கேட்டு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பார்த்த நாளுக்கும் வாங்கும் நாளுக்கும் இடையே வாரக்கணக்கில் ஆகும் வியாபாரம் இது. ஒரு வாரத்தில் தீர்ப்பு எழுதாமல் 90 நாள் பாருங்கள். விற்பனைத் தொகையைப் பார்க்காமல், அடக்கமும் விளம்பரச் செலவும் போக மிஞ்சியதைப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, 100 அளவுத் தாள் கொடுத்து 18 பேர் திரும்பி வந்து 7 பேர் வாங்கினால், அந்த 7 பேரின் லாபத்திலிருந்து 100 தாளின் செலவைக் கழிக்க வேண்டும். திரும்பி வராத 82 பேரில் பத்துப் பேருக்காவது போன் செய்து, தாளை விரித்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்று கேளுங்கள். "பத்து செ.மீ. நீளம் குறைந்திருந்தால் வாங்கியிருப்போம்" என்று மூன்று பேர் சொன்னால், அடுத்த முறை சப்ளையரிடம் எந்த அளவில் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தொடங்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

விளம்பரத்தில் வரும் மாடல் கையிருப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாளில் வரும் என்று எழுதியிருக்கிறதா. "இலவச டெலிவரி" என்றால் எத்தனை கிலோமீட்டர் வரை, மாடி ஏற்றுவது சேர்ந்ததா. போனை எடுப்பவருக்கும் டெலிவரி ஆட்களுக்கும் சலுகையின் விவரம் தெரியுமா. கடைசி நாள் எது. இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதி, கல்லாவுக்குப் பக்கத்திலும் வண்டியின் முன்கண்ணாடிக்கு உள்பக்கமும் ஒட்டிவிட்ட பிறகு நோட்டீஸை அச்சுக்குக் கொடுங்கள்.